வளையல் அளவும் ஆக்சிலேட்டர் கேபிளும்

தேங்காய் எண்ணெயும் பெட்ரோலும் கலந்த வாசனை எங்காவது மூக்கில் ஏறினால் எனக்கு முதலில் வருவது வயிற்றெரிச்சல்தான். அதற்குப் பிறகுதான் அப்பாவின், அதாவது எங்கள் ‘நைனா’வின் முகம். திருவொற்றியூர் ஹவுசிங்போர்டில் எங்கள் மாடிப்படிக்கு அடியில் அவருடைய மோட்டார் சைக்கிள் நிற்கும். உப்புக்காற்றில் துருவேறிய அதன் ஆக்சிலேட்டர் கேபிள், அவர் எண்ணூருக்குக் காலை ஷிப்டு கிளம்பும் நேரமாகப் பார்த்து அறுந்துவிடும். வெளியே தள்ளலாமென்றால் குழாயடி வரிசையில் வைத்த தண்ணீர்க் குடங்கள் வழியை மறித்துக் கிடக்கும்; டாங்கைக் கழற்றித் தூக்கலாமென்றால் படிக்கட்டு இடிக்கும். ஆகவே டாங்குக்கு அடியில் இருக்கிற சந்தில் கையை விட்டுத்தான் புதுக் கேபிளை மாட்ட வேண்டும்.

நைனாவின் கை அதில் நுழையாது, என் கை நுழையும். பழைய கேபிளின் நுனியில் புதியதைச் சணலால் கட்டி, அவர் அந்தப் பக்கம் இழுக்க இழுக்க நான் உள்ளே சிக்காமல் தள்ளிவிடுவேன். “பெரியவளே, வாம்மா” என்று அவர் கூப்பிட்டதும் குழாயடியே என்னைப் பார்ப்பதாக எனக்கு நினைப்பு.

ஒரு பொங்கலுக்கு வளையல்காரம்மா என் கையை அமுக்கிப் பார்த்துவிட்டு ஒரு அளவு பெரிய வளையலை எடுத்தாள். அடுத்த முறை கேபிள் அறுந்தபோது என் கை பாதியில் நின்றது. நைனா யோசிக்கவே இல்லை, தங்கை செல்வியைக் கூப்பிட்டார். “சின்னவ கை இன்னா வாட்டமா பூருது பாரு” என்று அம்மாவிடம் வேறு சொன்னார். என்னை வண்டிமேல் உட்காரவைத்து, ஆக்சிலேட்டரை முறுக்கிப் பார்க்கச் சொன்னார். எனக்கு அது ஆறுதல் பரிசாகத்தான் பட்டது. செல்வி கையில் ஒட்டியிருந்த கிரீஸைக்கூட என்னால் பொறுக்க முடியவில்லை. கை இளைக்கட்டும் என்று சோற்றைக் குறைத்தேன். “கை பெர்சானா வளையல மாத்து, சோத்து மேல இன்னாத்துக்குக் கோவம்?” என்றாள் அம்மா.

மறுபடி கேபிள் அறுந்த அன்று, செல்வி எழுவதற்குள் கையெல்லாம் தேங்காய் எண்ணெய் பூசி, வளையல் ஏற்றும்போது செய்வதுபோலக் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கித் திணித்தேன். போன கை திரும்பவில்லை. நைனா திட்டவில்லை, செல்வியை எழுப்பினார். அவள் தன் கையை என் கையோடு ஒட்டி உள்ளே விட்டு, விரிந்திருந்த என் கட்டைவிரலை மடக்கி மெல்ல வெளியே கொண்டுவந்தாள். வலித்ததற்கு அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

இப்போது அந்தக் கட்டடம் இல்லை, குழாயடி இல்லை, நைனாவும் இல்லை. போன வாரம் செல்வி புதிய பேட்டரி ஸ்கூட்டரில் வந்தாள். அதில் டாங்கும் கிடையாது, அறுந்துபோகக் கேபிளும் கிடையாது. அந்தக் காலத்தில் அவளைப் பார்த்து எனக்கு எப்படி எரிந்தது என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“நீ மேல குந்திகினு முறுக்குவ, நைனா ஒன்னியே பாத்துகினு இருப்பாரு. நான் கீழ கிரீஸ்ல கெடப்பேன். எனுக்கு எரியாதாக்கா?”

சாவியை என்னிடம் நீட்டினாள். ஏறி உட்கார்ந்து முறுக்கினேன். வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது. நைனா இருந்திருந்தால் எங்களில் யாரைப் பார்த்திருப்பார் என்றுதான் அப்போதும் எனக்குத் தோன்றியது.