சரோஜா அக்கா கறுப்புதான்

என் பெரிய பேரன் ஏனாத்தூரில் படித்துப் பட்டம் வாங்கிவிட்டான். பேத்தி திவ்யாவுக்கு நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. சின்னவன் மாவட்டக் கபடியில் கோப்பை தூக்கினான். இதையெல்லாம் நம் சொந்தக்காரர்கள் குரூப்பில் போடச் சொல்லிவிட்டு, வந்த வாழ்த்துகளைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு நடுவில்தான் என் ஓரகத்தி சரோஜா அக்கா போய்விட்ட சேதி வந்தது. கீழே ஒரு போட்டோ. மாவு பூசின மாதிரி ஒரு முகம். யாருடி இது என்று திவ்யாவைக் கேட்டேன். "பெரிய ஆயாதான். வெளுப்பாக்கிப் போட்டுக்கிறாங்க" என்றாள்.

போட்டது எங்கள் நாத்தனார் பத்மாவின் மகன் குமார். அவன் அம்மா சொல்லாமல் செய்திருக்க மாட்டான். அதனால்தான் அஞ்சாவதோடு நின்ற நான் இதை எழுதுகிறேன். பத்மா, நீயும் படி.

அக்கா கல்யாணமாகி வந்த புதிதில் பத்மா எல்லார் முன்னாலும், "அண்ணி, கொஞ்சம் சிரிங்க, இருட்டுல எங்க இருக்கீங்கன்னு தெரியல" என்றாள். வீடே சிரித்தது. அக்கா அழவில்லை. பிறகு என்னிடம் மட்டும் சொன்னார்: "என் தோலு கடைசி வரைக்கும் மின்னிக்கினே இருக்கணும்மா. அவ அதப் பாத்துக்கினே இருக்கணும்."

அன்று பிடித்த வைராக்கியம். குளிக்கக் கொதிக்கிற தண்ணீர் கூடாது. சோப்பைப் போட்டுத் தேய்க்காமல் பயத்தமாவு. ஈரம் காய்வதற்குள் தேங்காயெண்ணெய். பக்கத்து ஊர் ஓரிக்கைக்குப் போனாலும் குடை. கடைத்தெருவுக்குப் போனாலும் குடை. தறியில் உட்காருகிறவர்களுக்குக் கை ரொம்ப முக்கியம் என்று நம் ஆட்களுக்குத் தெரியும். விரல் சொரசொரப்பாக இருந்தால் பட்டு இழை மாட்டும், பிசுக்கு இருந்தால் கறை பிடிக்கும். அதனால் தறியை விட்டு எழுந்த பிறகுதான் அக்கா கைக்கு எண்ணெய் தொடுவார். காலையில் கழுவித் துடைத்து, விரல்களைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

பத்மா சிவப்பழகு கிரீம் பூசிக்கொண்டு தறியில் உட்கார்ந்தாள். வேர்த்த முகத்தைத் துடைத்த கையோடு நெய்தாள். தறியிலிருந்த கல்யாணப் புடவை முந்தானையில் கறை. கறுப்புக் கை பட்டுவிட்டது என்று மாமியாரிடம் அக்காவைக் காட்டினாள். அக்கா பத்மாவின் கையையும் தன் கையையும் சேர்த்துப் பிடித்து நீட்டி, "அத்த, மோந்து பாருங்க" என்றார். மாமியார் இரண்டையும் மோந்தார். அதன் பிறகு பெற்ற மகளென்றும் பார்க்காமல் பத்மாவைத் தறியை விட்டு எழுப்பி, நூல் சுற்ற ராட்டையில் உட்கார வைத்தார். நானும் சிரித்தேன். இப்போதும் சிரிப்பு வருகிறது.

எத்தனையோ வருஷம் கழித்து, பத்மா அதே மாதிரி ஒரு கிரீமை வயசுக்கு வந்த என் திவ்யாவிடம் கொடுத்துவிட்டாள். அக்கா அதைச் சாக்கடையில் பிதுக்கிவிட்டு, காலி டியூபைப் பத்மா வீட்டு மாடத்தில் வைத்துவிட்டு வந்தார். பல வருஷம் பூசின பத்மாவுக்குக் கன்னம் சிவந்து, வெயில் பட்டாலே எரிகிற அளவுக்கு ஆனது. என்ன செய்யலாம் என்று கடைசியில் அக்காவிடமே வந்து நின்றாள். "பூசறத எடுத்துக்கினு தோல் டாக்டர்கிட்ட போய்க் காட்டு. இருட்டுல போ, யாருக்கும் தெரியாது" என்றார் அக்கா. எத்தனை வருஷம் வைத்திருந்து கொடுத்தார், பாருங்கள்.

அதற்குப் பழி வாங்கத்தான் செத்தவருக்கு வெள்ளை அடித்திருக்கிறாய், பத்மா. உயிரோடு இருந்தவரை உன்னால் முடியவில்லை.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். குளித்த ஈரத்தோடு எண்ணெய் தடவி, குடை பிடித்து, பத்மா வீட்டு வழியாகவே கோயிலுக்குப் போகிறேன். எனக்கு அது சுற்று வழிதான்.

குமாரு, திவ்யா எடுத்த போட்டோவை அனுப்புகிறேன். தறியிலிருந்து எழுந்து வந்த அக்கா கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார், முகம் கறுப்பாக மின்னுகிறது. நீ போட்டதை எடுத்துவிட்டு இதைப் போடு. காரியத்துக்கு அடிக்கிற பேனரிலும் இதுதான் இருக்கணும். நிறத்தில் கை வைக்காதே. பேனரை உங்கள் வீட்டு வாசலுக்கு நேராகக் கட்டு. உங்கம்மா பார்க்கணும்.