வெள்ளைப் பூ எடுத்த கை

புளித்த ரப்பர் பாலின் வாடை. போன வாரம் ஈப்போவுக்கு வெளியே, சிம்பாங் பூலாய் பக்கம் ரப்பர்க் கட்டி ஏற்றிய லாரி ஒன்று என்னைத் தாண்டிப் போனது. மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டேன். மாரியம்மனின் பிள்ளைகளே, அந்த வாடைக்குள் என் மகளின் அழுகை இன்னும் இருக்கிறது.

எழுபத்திரண்டாம் வருஷம், மழைக்காலம். நான் ரப்பர்த் தோட்டத்து ஸ்டோரில் வேலைக்கு இருந்தேன். மரப்பட்டையைச் சீவிப் பால் வெட்டுகிறவர்கள் கொண்டுவரும் ரப்பர் பாலில் ஆசிட் கலந்து உறைய வைக்கும் வேலை. மகள் தேவிக்கு இரண்டு வயது. முழங்கை மடிப்பில் சிவப்பாய் ஒரு திட்டு. பிறகு கன்னம், கழுத்து, முழங்கால் மடிப்பு. கசிந்தது, காய்ந்தது, வெடித்தது. ரத்தம் வரச் சொறிந்தாள். என் மனைவி சரோஜா பழைய வேட்டியைக் கிழித்து, அவள் இரண்டு கைகளையும் பொட்டலம் போலக் கட்டி வைத்தாள்.

என்னைத் தூக்கி வளர்த்த அக்கா வந்து பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா வந்திருக்காடா. மருந்து கிருந்துன்னு வாயத் தொறக்காத."

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அதற்கு மேல் பேச்சில்லை. வாசலில் வேப்பிலை செருகினோம். தாளிப்பதை நிறுத்தினோம். தோட்டத்து மருந்துக்காரர் கொடுத்த களிம்பை அக்கா கூரைமேல் எறிந்தாள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினோம்; காய்ந்ததும் வேப்பங்கொத்தால் தேய்த்தோம். அம்மை என்றால் தண்ணீர் ஊற்றியதும் இறங்கிவிடும். இது இறங்கவில்லை. மறுபடி ஊற்றினோம். மறுபடியும். "நம்மகிட்ட ஏதோ குத்தம்" என்றாள் அக்கா. பூசப் பூசப் புண் பெரிதானது.

வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் அவளை வைத்துக்கொள்ள மறுத்தார்கள். சரோஜா வேலையை விட்டாள். நான் ஸ்டோரிலிருந்து வந்து கையை நீட்டினால் தேவி சுவரோடு ஒட்டிக்கொள்வாள். என் கை பட்டால் அவளுக்கு எரியும். பெற்ற பிள்ளையைத் தூக்க முடியாத கை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கப் பழகினேன்.

ஒரு காலை அவள் உடம்பு அனலாய்க் கொதித்தது. புண்ணில் சீழ். கூப்பிட்டால் கண் பாதிதான் திறந்தது.

"உங்க அக்காவுக்கு ஆத்தா வேணும். எனக்கு எம்புள்ள வேணும். ஆஸ்பத்திரிக்குப் போலாம், வாங்க!" என்று சரோஜா கத்தினாள்.

அக்கா வாசலை மறித்தாள். "ஆத்தாவ விட டாக்டரு பெரியாளு லா?"

நான் பிள்ளையைத் துணியில் பொதிந்துகொண்டு கோயிலுக்கு ஓடினேன். தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். அம்மன் முன்னால் விழுந்தேன்.

"நீ வந்திருந்தா இறங்கு. இல்லன்னா இல்லன்னு சொல்லு. எனக்கு வேற யாரு இருக்கா?"

வேண்டுதல் என்றா அதைச் சொல்வது? சண்டை.

சரோஜாவும் அக்காவும் பின்னாலேயே ஓடி வந்தார்கள். மூச்சிரைக்க அக்காதான் சொன்னாள். "பூக்கட்டிக் கேட்டுருவோம். வெள்ள வந்தா ஆஸ்பத்திரி. செவப்பு வந்தா இங்கியே கெடக்கட்டும்."

பூசாரி நந்தியாவட்டையையும் செம்பருத்தியையும் தனித்தனியே வாழையிலையில் மடித்து, நூல் சுற்றி, குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். குழந்தைதான் எடுக்க வேண்டும், வழக்கம் அது. அங்கிருந்த எந்தப் பெண்ணும் தன் பிள்ளையை எங்கள் அருகில் விடவில்லை.

"இவளே எடுக்கட்டும்" என்றாள் சரோஜா.

துணியோடு இறக்கித் தாங்கிப் பிடித்தேன். துணி கட்டிய கை காற்றில் அலைந்தது. இலை வழுக்கியது. சிவப்பு வந்தால் என் மகள் செத்துப்போவாள். எனக்குத் தெரியும். அக்காவுக்கும் அந்த நேரத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். தேவி இரண்டு கைக்கும் நடுவில் ஒன்றை இடுக்கித் தூக்கினாள். பூசாரி நூலை அறுத்தார்.

வெள்ளை.

"உத்தரவு குடுத்துட்டா! என்னடா நிக்கிற, பஸ்ஸு போயிரும் லா!" முதலில் ஓடியவள் அக்கா.

ஈப்போ பெரியாஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த ஒரு டாக்டரம்மா பார்த்தார். அம்மை இல்லை, கரப்பான் என்றார். சொறிந்த புண்ணில் கிருமி சேர்ந்துதான் காய்ச்சல். இலையால் தேய்க்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளிப்பாட்டி, துணியால் ஒற்றி, ஈரம் காய்வதற்குள் களிம்பு தடவ வேண்டும். என் சட்டையின் ஆசிட் வாடையைப் பிடித்து, இதோடு பிள்ளையைத் தொடாதே என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை. "இது வரும், போகும். பாத்துக்கணும்."

காய்ச்சல் இறங்கியது. அதன்பிறகு நான் குழாயடியில் குளித்து, சட்டை மாற்றித்தான் வீட்டுக்குள் நுழைவேன். களிம்பு தடவும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு மத்தியானம் தடவிக்கொண்டிருக்கும்போதே தேவி என் மடியில் தூங்கிப்போனாள். கால் மரத்துப்போயிற்று. நான் அசையவில்லை.

ஆத்தா அன்று வந்தாள் என்றே நம்புகிறேன். துணி கட்டிய அந்தச் சின்னக் கைக்குள் வந்தாள். பிள்ளையின் நோயோடு இதைப் படிக்கிறவர்களே, அவள் முன்னால் அழுங்கள், சண்டை போடுங்கள். மருந்தை வேண்டாம் என்கிற தாய் இல்லை அவள். கும்பிட்டுவிட்டு உடனே பஸ் ஏறுங்கள்.

போன மாதம், இருபது வயதில், தேவி லூமுட்டில் வேலைக்குக் கிளம்பினாள். ஈப்போ பஸ் நிலையத்தில் அக்கா அவள் பைக்குள் களிம்பு டப்பாவைத் திணித்தாள்.

"கூரைமேல எறிஞ்சிராதீங்க அத்தை!"

"போடி வாயாடி."

பஸ் உறுமியது. நான் பழைய பழக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். தேவி படியில் நின்றபடி திரும்பினாள்.

"கையக் குடுங்கப்பா. போயிட்டு வாரேன்."