கிரவல் றோட்டுக்கு ஒரு பின் ரயர்

போன கிழமை வவுனியாவில் ஒரு ரயர்க் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் என்னை விடப் பத்து வயதாவது இளையவர். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அண்ணை என்ன பைக் வச்சிருக்கிறார்?” என்று என் கணவரைப் பற்றிக் கேட்டார்.

“அண்ணை ஸ்கூட்டிதான் ஓடுறவர். வெளியில நிக்கிற இருநூற்றைம்பது சிசி பைக் என்ரை. அதுக்குப் பின் ரயர் வேணும்” என்றேன்.

அவர் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். முகத்தில் கொஞ்சம் மரியாதை ஏறியிருந்தது. நாற்பது தாண்டிய பிறகும் அது எனக்கு இனிக்கத்தான் செய்கிறது. பொய் சொல்லக் கூடாது.

மூன்று ரயர்களை உருட்டிக்கொண்டு வந்து முன்னால் போட்டார். “இது கன நாள் உழைக்கும் அக்கா” என்று பளபளப்பான ஒன்றைத் தட்டிக் காட்டினார். நான் குந்தியிருந்து பெருவிரல் நகத்தால் றப்பரை அழுத்திப் பார்த்தேன். பிறகு பக்கவாட்டில் அந்த நான்கு இலக்கங்களைத் தேடினேன். முதல் இரண்டும் வருடத்தின் எத்தனையாவது கிழமையில் செய்தது, கடைசி இரண்டும் எந்த வருடத்தில் என்று சொல்லும். அந்தப் பளபளப்பான ரயர் பிறந்து ஐந்து வருடம்.

“இது ஓடாமலே கிழடாப் போச்சே” என்றேன். அவர் சிரித்துவிட்டு அதை உள்ளே உருட்டிக்கொண்டு போனார்.

குந்தியிருந்த இடத்தில் புது றப்பர் மணம் மூக்கில் ஏறியது. சிலருக்கு மல்லிகைப்பூ மணத்தால் பழையது ஞாபகம் வருமாம். எனக்கு றப்பர். அந்த மணம் என்னை நேரே விசுவமடுவில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

போர் முடிந்து, சனங்கள் முகாம்களிலிருந்து திரும்பி வந்து, தகரத்துக்குக் கீழே அடுப்பு மூட்டத் தொடங்கியிருந்த காலம் அது. கால்நடை அலுவலகத்தில் எனக்கு முதல் வேலை. மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது, தடுப்பூசி போடுவது, மடிநோய்க்கு மருந்து கொடுப்பது. அலுவலகத்தில் இரண்டு வாகனங்கள் இருந்தன. ஒன்று சிவப்பு ஸ்கூட்டி. மற்றது உயரமான, சத்தம் பெரிதான மோட்டார் சைக்கிள். களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்த சிவம் அண்ணை ஸ்கூட்டியின் திறப்பைத்தான் எடுத்து நீட்டினார். நான் மற்றதைக் கேட்டேன்.

“பிள்ளை, கால் நிலத்தில முட்டாது.”

“ஒரு கால் முட்டினாக் காணும் அண்ணை.”

முட்டியதும் ஒரு கால்தான், அதுவும் பெருவிரல் நுனி. ஆனால் ஒருமுறை கிளம்பிவிட்டால் அந்த வண்டிக்கு ஈடில்லை. காட்டுப் பாதை, குளக்கட்டு, குண்டும் குழியுமான பிரதான வீதி எல்லாம் அதற்கு ஒன்றுதான். எனக்கும் தலைக்கனம் பிடித்தது. சந்திகளில் ஆட்கள் நிற்பதைக் கண்டால் கொஞ்சம் கூடவே முறுக்குவேன். பின்சில்லு கிரவல் கற்களை வாரி இறைக்கும். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஒவ்வொரு முறுக்கிலும் ரயரைத் தேய்த்துத் தின்றுகொண்டிருந்தேன். வலுவான வண்டியில் முன் ரயர் வழி காட்டுகிறது, பின் ரயர்தான் அடி வாங்குகிறது. இது விளங்க எனக்கு ஐந்து மாதம் எடுத்தது. அந்த ஐந்து மாதத்தில் பெரிய பெரிய றப்பர்க் கட்டைகளோடு வந்த ரயர் மொட்டையாகிவிட்டது.

சிவம் அண்ணையிடம் புதிது கேட்டேன். “பின் ரயர் வருசத்துக்கு ஒண்டுதான். சட்டம்” என்றார். நானும் பேசாமல் விட்டுவிட்டேன். ஓடத் தெரிந்தவளுக்கு மொட்டை ரயர் என்ன செய்யும் என்று ஒரு எண்ணம்.

அந்த மொட்டை ரயரிலேயே இன்னும் ஐந்து மாதம் ஓடினேன். மாரி தொடங்கியது. ஒருநாள் காலையில் உடையார்கட்டுக்கு உள்ளேயிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். மருதாயி அக்காவின் மாடு விடியற்காலை தொடக்கம் முக்குகிறது, கன்று வரவில்லை என்றார். மருதாயி அக்காவின் குடும்பம் மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்தது. எல்லாம் இழந்து திரும்பியவர்களுக்கு நிவாரணமாகக் கிடைத்த ஒரேயொரு பசு அது. சினை ஊசி போட்டவள் நான். மருத்துவர் அன்று முல்லைத்தீவில் இருந்தார். கயிறு, சவர்க்காரம், மருந்துப் பை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பிரதான வீதியை விட்டு உள்ளே திரும்பியதும் களிமண். ஒரு மதகுக்குப் பக்கத்தில் வளைவு. அந்த இடத்தில் பின்சில்லு ஒருபக்கமாகப் போனது, நான் மற்றப்பக்கமாகப் போனேன். எழும்பிப் பார்த்தால் வண்டி வாய்க்காலுக்குள் கிடந்தது. நிமிர்த்திப் போட்டு முறுக்கினேன். சில்லு வழுவழுவென்று சுற்றியது, வண்டி ஓரங்குலமும் நகரவில்லை. எவ்வளவு நேரம் அதோடு மல்லுக்கட்டினேனோ தெரியாது. கடைசியில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றுக்குள் நடந்தேன். அரைவாசித் தூரம் ஓடினேன் என்றும் சொல்லலாம்.

“டாக்டரம்மா வந்துட்டாங்க!” என்று மருதாயி அக்கா கத்தினார். நான் டாக்டர் இல்லை என்று பலமுறை சொல்லியும் அவர் கேட்டதில்லை. “என்னாம்மா இது, சேத்துல விழுந்துட்டீங்களா?”

பையை இறக்கினேன். கையைக் கழுவி உள்ளே விட்டேன். கன்றின் ஒரு முன்னங்கால் பின்னுக்கு மடிந்திருந்தது. கன்றைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, காலை நிமிர்த்தி, கயிறு போட்டு நானும் மருதாயி அக்காவும் மாடு முக்க முக்க இழுத்தோம். கன்று வந்தது. கிடாரிக் கன்று. மூக்கைத் துடைத்தேன், வைக்கோலால் தேய்த்தேன், நெஞ்சை அமத்தினேன். மூச்சு வரவில்லை. உடம்பில் சூடு மட்டும் இருந்தது.

அந்தச் சூடுதான் என்னைக் கொன்றது. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்று அது சொன்னது. மருதாயி அக்கா சொல்லவில்லை. பசு முன்னங்காலை ஊன்றி எழும்பியதைப் பார்த்துக்கொண்டே, “கன்னு போச்சு. தாயி எந்திரிச்சிருச்சு பாருங்க. ஒரு வாய் சாயத்தண்ணி குடிங்க” என்றார். நான் அந்தப் பாலில்லாத் தேநீரைக் குடித்துக்கொண்டே அழுதேன்.

அதன்பிறகு இரண்டு கிழமை எனக்கு வேறு நினைப்பில்லை. கண்ணில் பட்ட மோட்டார் சைக்கிளின் பின் ரயரையெல்லாம் குனிந்து பார்த்தேன். முல்லைத்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி நிறைய மீன் கட்டிக்கொண்டு வருகிற வியாபாரி, “தங்கச்சி, எல்லாரும் மீன்ர செவுளைத்தான் பாக்கிறவை. நீங்கள் ரயரையெல்லோ பாக்கிறியள்!” என்று கேட்டேவிட்டார். அவருடைய ரயரில் கட்டைகள் நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் இடைவெளி விட்டும் இருந்தன. எவ்வளவு காலம் என்றேன். ஒரு வருடம் தாண்டிவிட்டதாம். எனக்கு விளங்கிவிட்டது. கட்டை பெரிதாகவும் தள்ளித்தள்ளியும் இருந்தால் சேற்றில் பிடிக்கும், ஆனால் கிரவலிலும் தார் வீதியிலும் ஆடித் தேய்ந்துவிடும். இறுகிய றப்பரில் கட்டையே இல்லாவிட்டால் காலத்துக்கும் இருக்கும், ஆனால் சேற்றில் ஆளை விழுத்தும். எனக்கு வேண்டியது நடு இறுகி, ஓரம் கடிக்கிற ரயர்.

மொட்டை ரயரைக் கழற்றி, உருட்டிக்கொண்டுபோய்ச் சிவம் அண்ணையின் மேசையில் தூக்கி வைத்தேன். கடுதாசிகள் பறந்தன.

“அண்ணை, இதைப் பூட்டிக்கொண்டு உடையார்கட்டுக்கு ஒருக்காப் போயிட்டு வாங்கோ. நேரத்துக்குப் போய்ச் சேந்தா நான் புது ரயர் கேக்க மாட்டன்.”

அவர் ரயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “என்ன ரயர் எண்டு எழுதித் தாரும்” என்றார். எழுதிக் கொடுத்தேன். அந்த ரயர் பதினாறு மாதம் உழைத்தது. கிழமைக்கு ஒருமுறை காற்றுப் பார்த்தேன். சந்திகளில் முறுக்குவதை விட்டேன். அடுத்த மாரியில் மருதாயி அக்காவின் பசு திரும்பக் கன்று போட்டபோது, முதல் முக்கலுக்கு முன்னமே நான் அங்கே நின்றேன். என் உதவி தேவைப்படவேயில்லை. மாடு தானாகவே போட்டது, நான் கைகட்டி நின்று பார்த்தேன். அதைவிட நிறைவான நாள் என் உத்தியோகத்தில் வந்ததில்லை.

வவுனியாவில் வாங்கிய புது ரயருக்கு நடுப்பகுதி நல்ல இறுக்கம். இப்போது ஓடுவதெல்லாம் வழுவழுவென்று தார் விரித்த காப்பெற் வீதியில்தானே. அதைப் பூட்டிக்கொண்டு ஓமந்தை தாண்டி, கிளிநொச்சி தாண்டி, சும்மா உடையார்கட்டு வரைக்கும் போனேன். மருதாயி அக்கா மகளோடு திருகோணமலைப் பக்கம் போய்விட்டாராம். வளவில் வேறு யாரோ கல்வீடு கட்டியிருக்கிறார்கள், மாடு இல்லை. திரும்பி வரும்போது நான் விழுந்த மதகைத் தேடினேன். இரண்டு தடவை மேலும் கீழும் ஓடினேன். காப்பெற் போட்டு வீதி ஒரே சீராகக் கிடந்தது. ஓரத்தில் கடை வைத்திருந்த பெண்ணிடம் நிறுத்திக் கேட்டேன்.

“இதில ஒரு மதகடி இருந்தது. மாரிக்குச் சரியாச் சறுக்கும்.”

அவர் வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தார். “நான் வந்து எட்டு வருசம் அக்கா. இஞ்ச ஒருத்தரும் சறுக்கி விழுந்து நான் காணேல்லை” என்றார்.