பலூன் துப்பாக்கியின் விசை

குற்றாலத்தில் சீசன் தொடங்கிய வாரம் என் பழைய ஏர்கன்னின் சுருள்வில் உடைந்தது. புதிதாக ஒரு துப்பாக்கி வாங்கிவந்து ஐந்தருவிச் சாலையோரம் பலூன் பலகையை நட்டேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். திருப்பூரில் பனியன் கம்பெனி, புனலூர்ப் பக்கம் ரப்பர் தோட்டம், லாரியில் கிளீனர் என்று எதிலும் இருப்புக் கொள்ளாமல் சுற்றிவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தேன். கோயில் கொடை, திருவிழா எங்கே நடக்கிறதோ அங்கே போகலாம். சீசனுக்குக் குற்றாலம் வரலாம். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

புதுத் துப்பாக்கி பார்க்க நன்றாக இருந்தது. விசைதான் சரியில்லை. பழையதன் விசை ஆயிரம் பேர் விரல் பட்டு வழவழவென்று இருந்தது. இதை இழுத்தால் உள்ளே மணல் நெரிவதுபோல் நரநரத்தது. வராது, வராது, திடீரென்று வெடிக்கும். அந்த உதறலில் குழல் ஒதுங்கி ரவை பலகையில் போய்க் குத்தும். பெண்கள் இரண்டு விரலால் இழுத்துப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

விசை கடினமாக இருந்தால் கடைக்காரனுக்கு லாபம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு பலூனாவது உடைத்தவன்தான் இன்னொரு தடவை சுடுவான். எல்லாம் தவறியவன் பஜ்ஜி கடைக்குப் போய்விடுவான். அப்படித்தான் போனார்கள்.

இடத்துக்காரர் அண்ணாச்சி வந்து காலியாகக் கிடந்த கடையைப் பார்த்தார். "ஒரு ஈ, காக்காயக் காணும். ஞாயித்துக்கெழம வருவேன். அன்னைக்கும் இப்பிடியே கெடந்தா சோளம் சுடுதவனுக்கு எடத்த விட்டுருவேன், பாத்துக்க" என்றார். சீசன் பாதியில் வேறு இடம் கிடைக்காது. மறுபடி லாரிதான்.

வெள்ளிக்கிழமை அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள், கடை திறந்து பயனில்லை. தென்காசியில் என் வாடகை அறையில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து துப்பாக்கியைப் பிரித்தேன். விசையும் அதை ஒட்டியிருந்த தகடும் பட்டறையில் வெட்டியது வெட்டியபடி பிசிறாக இருந்தன. நைஸ் உப்புத்தாளை நனைத்து, உரசுகிற பக்கங்களை மட்டும் பொறுமையாகத் தேய்த்தேன். வில்லைப் பிடித்து நிறுத்தும் கொக்கியின் முனையைத் தொடவில்லை. அது தேய்ந்தால் துப்பாக்கி தானாக வெடித்துவிடும். கடைசியாக எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டு மாட்டினேன். ரவை போடாமல் வில்லை ஏற்றி, துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தரையில் தட்டிப் பார்த்தேன். கொக்கி அசையவில்லை. பிறகு விசையை இழுத்தேன். கெட்டித் தயிரில் கரண்டி இறங்குவதுபோல் இருந்தது. சும்மாவே இன்னும் சில தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை தடை நீங்கியது. காலையில் நல்ல சாரல், குளிர்காற்று. முதலில் வந்த ஆளிடம் துப்பாக்கியைப் பெருமையாகக் கொடுத்தேன். அவர் இழுத்தார். வரவில்லை. பல்லைக் கடித்து இழுத்தார். முன்பைவிட மோசம்.

பக்கத்துக் கடை எண்ணெய் மசாஜ்காரருடையது. எட்டிப் பார்த்தார்.

"ஏலே, என்ன எண்ணெய் போட்ட?"

"தேங்காண்ணெய்தான், அண்ணே."

"வெளங்கும்! சாரல்ல தேங்காண்ணெய் உறையும்லா? வீட்டுல குப்பிய கமுத்துனா விழுதாலே? துப்பாக்கிக்கு மட்டும் எளகுமோ? நானே நல்லெண்ணெயத்தான் சூடு பண்ணித் தேய்க்கேன்."

தலைக்கு, தோசைக்கு, கதவுக் கீலுக்கு என்று எல்லாவற்றுக்கும் அதே குப்பியை எடுத்துப் பழகிய கை. "அப்ப நல்லெண்ணெய் போடட்டா?" என்று கேட்டேன்.

"போடு. அப்பிடியே சீயக்காயும் தேய்ச்சு அருவியில காட்டு" என்று சிரித்தார். ஆனால் அவரே பைக்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் பிடித்துத் தந்தார். அதில் கழுவினேன், வெள்ளை வெள்ளையாகப் பிசுக்கு வந்தது. துணியால் துடைத்து நன்றாக உலர்த்திவிட்டு, பஜாரில் ஒரு டெய்லரிடம் தையல் மிஷின் எண்ணெய் வாங்கி இரண்டு சொட்டு விட்டேன். அன்றைய வியாபாரம் அதோடு போயிற்று.

ஞாயிறு காலையிலும் சாரல் இருந்தது. விசை இறுகவில்லை. வடகரையிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் துபாயிலிருந்து லீவில் வந்தவர். அவர் சுட்டதில் ஒன்றுதான் பட்டது. புர்கா போட்ட மனைவி துப்பாக்கியை வாங்கி, மூச்சை அடக்கி, விரலை மெல்ல மடக்கினார். டப். அடுத்ததும் டப்.

"ஏட்டி, எங்க படிச்ச இத?"

"நீங்க அங்கன இருக்கையில வேற என்ன சோலி எனக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் ஒரு வரிசையை முழுதாக உடைத்து முடிப்பதற்குள் சாலை வரை ஆள் நின்றது. எனக்குப் பலூன் ஊதி முடியவில்லை.

மத்தியானம் அண்ணாச்சி குடையோடு வந்து, கூட்டத்தில் நுழைய முடியாமல் வெளியிலிருந்தே கத்தினார். "சோளக்காரன எதுத்தாப்புல போடச் சொல்லிட்டேம்லே. சுட்டுட்டுப் போறவனுக்குப் பசிக்கும்லா!"

கூட்டம் குறைந்ததும் குடையை என்னிடம் கொடுத்துவிட்டுத் துப்பாக்கியை வாங்கினார். நடுப் பலூனைக் குறிபார்த்தார், ஓரத்துப் பலூன் உடைந்தது. "அதத்தான் பாத்தேன்" என்றார். இன்னொரு ரவை போட்டுக் கொடுத்தேன்.