நான் படிக்காமல் அனுப்பிய மன்னிப்புக் கடிதம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஏற்காட்டில் கோடை விழாக் கூட்டம் அலைமோதிய சமயம். ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கம் காப்பித்தூள், மிளகு, தேன், தைலம் விற்கும் கடையில் நான் சூப்பர்வைசர். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். முதலாளிக்கு சேலத்தில் வீடு, மாதத்துக்கு இரண்டு தடவைதான் மலை ஏறுவார். மற்ற நாட்களில் கடைக்கு நான்தான் ராஜா என்று எனக்கு ஒரு நினைப்பு.

கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு சட்டம் கொண்டுவந்ததும், முதலாளி ஆறு ஸ்டூல் வாங்கி அனுப்பியிருந்தார். கவுண்டருக்குப் பின்னால் வரிசையாகப் போட்டேன். மறுவாரமே ஒவ்வொன்றின் மேலும் ஒரு தேன் பாட்டில் பெட்டி ஏறிவிட்டது. ஏற்றியது நான்தான். யாராவது சோதனைக்கு வந்தால் பெட்டியை இறக்கிவிடலாம் என்பது என் சாமர்த்தியம். கடை ஆள் உட்கார்ந்திருந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பது எங்கள் தொழிலில் ஊறிப்போன எண்ணம். ஈ ஓட்டுகிற நேரத்தில்கூட நிற்கத்தான் வேண்டும். சும்மா நிற்காமல் டப்பாவைத் துடையுங்கள் என்று அதற்கும் விரட்டுவேன்.

காப்பித்தூள் கவுண்டரில் ஒரு அக்கா. மஞ்சக்குட்டையிலிருந்து ஷேர் ஜீப்பில் வருவார். கணவர் இல்லை. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளுக்கும் அவர் வேலைதான் சோறு. அதிர்ந்து பேசாதவர், ஒன்பது வருடத்தில் அவர்மீது ஒரு புகார் வந்ததில்லை.

அன்று மூன்று மணி சுமாருக்குக் கூட்டம் ஓய்ந்திருந்தது. நான் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், அந்த அக்கா ஒரு ஸ்டூலிலிருந்த தேன் பெட்டியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். மற்ற பெண்கள் என்னைப் பார்த்ததும் டப்பா துடைக்க ஆரம்பித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

“ஏனுங்க்கா, சினிமாவுக்கா வந்திருக்கீங்க?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

“கடையில ஆருமில்லீங்க சார். வந்தா எந்திரிச்சுக்கறேனுங்க.”

மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் நாளைக்கு வேலை, இல்லாவிட்டால் ஜீப் ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இந்த மன்னிப்புக் கடிதம் எங்கள் கடையில் பழைய வழக்கம். தாமதமாக வந்தால், பாட்டிலை உடைத்தால், எதற்கும் அதுதான். நான் வாசகத்தைச் சொல்வேன், அவர்கள் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள், நான் போட்டோ பிடித்து முதலாளிக்கு அனுப்பிவிட்டு ஃபைலில் போடுவேன். ‘இனி இப்படி நடக்காது’ என்று ஒரே பாட்டு. யாரும் ஒரு எழுத்தை மாற்றியதில்லை என்பதால் நான் அதைப் படிப்பதையே எப்போதோ விட்டிருந்தேன். அன்றும் சொன்னேன். நடுவில் ஒரு வேன் கும்பல் வந்துவிட்டது. அவர்களை அனுப்பிவிட்டுத் திரும்பினால் கடிதம் தயாராக இருந்தது. வழக்கம்போல் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

அரை மணியில் முதலாளி கூப்பிட்டார்.

“ஏப்பா, அனுப்புனியே, அதைப் படிச்சியா?”

“மன்னிப்புக் கடிதம்தானுங்க.”

“மன்னிப்பா? எடுத்துப் படி.”

ஃபைலைத் திறந்தேன். குண்டு குண்டான கையெழுத்து.

‘இன்று கடையில் ஆள் இல்லாத நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஆறு ஸ்டூல் மேலும் தேன் பெட்டி இருக்கிறது. நான் ஒன்றை இறக்கினேன். கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் உள்ளது. ஆள் வந்தால் எழுந்துகொள்வேன். ஆள் இல்லாதபோது இனிமேலும் உட்காருவேன். அதற்காக என்னை வேலையை விட்டு நிறுத்தினால், உட்கார்ந்ததற்காக நிறுத்தினோம் என்று கடை பெயரில் எழுதித் தரவும்.’

என் பெட்டி சாமர்த்தியத்தை என் கையாலேயே முதலாளிக்கு அனுப்பியிருக்கிறேன்!

“அந்தக் காரணத்த நான் எழுதிக் குடுக்க முடியுமா? நீயே சொல்லு” என்றார் முதலாளி.

“முடியாதுங்க.”

“அப்பறம் என்ன? பெட்டிய இறக்கு.”

மற்ற ஐந்து பெட்டியையும் நானே இறக்கினேன். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

அடுத்த நாட்களில் அக்காவை முறைத்துக்கொண்டே திரிந்தேன். எத்தனை நேரம் உட்காருகிறார் என்று கணக்காகப் பார்த்தேன். ஆச்சரியம், அவர் உட்காரவே இல்லை. அரைக்கும் மெஷின் பக்கம் எப்போதும்போல் நின்றிருந்தார். கூட்டம் குறைந்ததும் முதலில் ஸ்டூலை இழுத்தது மிளகு கவுண்டரில் இருந்த, வாழவந்தி கிராமத்துப் பெண். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாதவர். இத்தனை கூத்துப் பண்ணிவிட்டு நிற்பானேன் என்று நான் அக்காவிடம் கேட்டதற்கு, “எனக்குக் காலு நல்லாத்தானுங்க இருக்குது” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

பத்து நாள் கழித்து அந்த மிளகு கவுண்டர் பெண்ணே என்னிடம் வந்தார்.

“அக்காவ மொறைக்காதீங்க சார். நான் முழுகாம இருக்கறனுங்க, மூணு மாசம். அன்னைக்கு நொம்பக் கிறுகிறுன்னு வந்துச்சுங்க. சொன்னா நிறுத்திப்போடுவீங்கன்னு பயம். அக்கா உக்காருன்னாங்க, நான் மாட்டேன்னுட்டேன். ‘செரி, மொதல்ல நான் உக்காந்து பாக்கறேன்’னு அவங்க உக்காந்தாங்க.”

அவர் பயந்ததில் தப்பே இல்லை. அதற்கு முந்தின சீசனில் கர்ப்பமாக இருந்த ஒருவரை, ‘பெத்துட்டு வாங்க, பாத்துக்கலாம்’ என்று அனுப்பிவைத்தவன் நான்தான். அவர் திரும்பி வந்தபோது அந்த இடத்தில் வேறு ஆள் இருந்தார். அக்கா இதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். கடிதத்தில் உண்மைக் காரணத்தை எழுதியிருந்தால் முதலாளி இரங்கியிருக்கலாம். ஆனால் அந்தப் பெண் மாட்டிக்கொள்வாரே என்று அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல், தன் இரண்டு பிள்ளைகளின் சோற்றைப் பணயம் வைத்து உட்கார்ந்திருக்கிறார். இப்படி ஒரு மனுஷியையா எல்லோர் முன்னாலும் கேலி பேசினேன் என்று என்மீதே வெறுப்பாக வந்தது. அன்றே போய் மன்னிப்புக் கேட்டேன். “அட, உடுங்க சார்” என்று தூள் பாக்கெட்டை ஒட்டிக்கொண்டே சொன்னார்.

அந்தப் பெண் பிரசவ விடுப்பில் போனார். திரும்பி வந்தபோது மிளகு கவுண்டர் அவருக்காகவே இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் வரை கூட்டம் பிழிந்து எடுத்துவிட்டது. சுவரில் சாய்ந்து கால் மாற்றி நின்றுகொண்டிருந்தேன். அக்கா ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

“எனக்கெதுக்குங்க்கா? அது உங்களுக்கெல்லாம் வாங்கினது.”

“ஏனுங்க, நீங்களும் சம்பளத்துக்கு வர்றவருதானுங்களே?”

உட்கார்ந்தேன். கடைகளில் நிற்க ஆரம்பித்த இருபத்திரண்டு வருடத்தில், வேலை நேரத்தில் அதுதான் முதல் தடவை. அந்தச் சட்டம் எனக்காகவும் போட்டதுதான் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. முதலாளியின் ஆள் என்று நினைத்து விறைப்பாக நின்றிருந்த என்னையும் தங்களில் ஒருவனாக உட்கார வைத்த அந்த அக்காவைத்தான் இன்றைக்கும் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.