பி.டி. பீரியடைத் திருப்பிக் கேட்டவர்

படிக்கிற நேரத்தில் வகுப்பறைக்குள் வாலிபால் பறந்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். வெளுத்துப்போய், ஒரு பக்கம் தோல் உரிந்த பந்து. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், என் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எல்லோருடைய புத்தகமும் மூடிக்கிடக்கிறது. நடுவில் எங்கள் பள்ளியின் பி.டி. சார், கழுத்தில் விசிலோடு, கலியாண வீட்டில் சாப்பாடு கவனிக்கிறவர் மாதிரி சிரித்த முகமாக நிற்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அப்போது நான் மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பொதுத்தேர்வு எழுதும் வகுப்புக்கு பி.டி. பீரியட் என்பது கால அட்டவணையில் மட்டும்தான் இருக்கும். ஜூன் மாதமே அதைப் பாட ஆசிரியர்கள் எடுத்துக்கொள்வோம். கேட்பதுகூட இல்லை, சாக்பீஸோடு நேராகப் போய் நின்றுவிடுவோம். அந்த வருடம் வாரத்துக்கு இரண்டு பீரியடும் என்னிடம்தான் இருந்தன. அப்படியும் காலாண்டுத் தேர்வில் பன்னிரண்டு பேர் கணக்கில் தேறவில்லை.

அந்தச் சமயம் பார்த்து பி.டி. சார் ஆசிரியர் அறைக்கு வந்தார். "ஏனுங்க டீச்சர், எம்பட பீரியடை எனக்கே திருப்பிக் குடுங்க. புள்ளைங்க நாள் பூரா உக்காந்தே கெடக்குதுங்க" என்றார். "அந்தப் பன்னெண்டு பேரும் அரையாண்டுல பாஸ் பண்ணட்டும் சார், தர்றேன்" என்றேன். நடக்கப்போவதில்லை என்ற தைரியம் எனக்கு. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பச் சாயங்காலப் படிப்பு நேரத்தை எங்கிட்ட உடுங்க" என்றார். ஒரு வேலை குறைந்தது என்று சந்தோஷமாகக் கொடுத்துவிட்டேன்.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த படிப்பு முறை ஒன்றே ஒன்றுதான். பத்து தடவை வாசி, முக்கியமானதற்குக் கோடு போடு. பந்தோடு நின்ற அந்தப் பெண் இதை அட்சரம் பிசகாமல் செய்தவள். அவள் புத்தகம் முழுக்க ஹைலைட்டர் கோட்டால் மஞ்சளாக இருக்கும், கோடு போடாத வரியைத்தான் தேட வேண்டும். அந்தப் பன்னிரண்டு பேரில் அவளும் ஒருத்தி என்பது எனக்குப் புரியாத புதிர். சோம்பேறி என்று நானே ஒரு முடிவு கட்டி வைத்திருந்தேன்.

பி.டி. சாரின் ஆட்டத்தில், பந்து யார் கைக்கு வருகிறதோ அவர்கள் அப்போது படித்ததைப் புத்தகம் பார்க்காமல் சொல்ல வேண்டும். அன்று பந்து கைக்கு வந்ததும் அவள் இருபடிச் சமன்பாட்டின் சூத்திரத்தைப் பாதி சொல்லிவிட்டு நின்றாள். கண் கலங்கிவிட்டது. உள்ளே புகுந்து சாரை ஒரு பிடி பிடிக்கலாம் என்று நான் காலெடுத்து வைத்தபோது அவர் சொன்னார், "எதுக்குக் கண்ணு அழுவறே? எது வரலைன்னு தெரிஞ்சுபோச்சல்லோ. அதை மட்டும் பாத்துப்போட்டு மூடு." அவள் பார்த்தாள், மூடினாள். அடுத்த சுற்றில் தானே கைநீட்டிப் பந்தைக் கேட்டு வாங்கி முழுதாகச் சொன்னாள். அறையே கைதட்டியது. நான் வாசலோடு திரும்பிவிட்டேன்.

மூன்று நாள் கழித்து அதே சூத்திரத்தை அவர் மறுபடி கேட்டார். முடிந்த பாடத்தை எதற்குக் கிளறுகிறீர்கள் என்று சண்டைக்குப் போனேன். "வாலிபால்ல சர்வீஸ் போடறதை ஒரே நாள்ல நூறு தடவை பழகிப்போட்டு உட்டா, அடுத்த வாரம் கை மறந்துபோகுமுங்க டீச்சர். கொஞ்சம் மறக்கறப்பத் திருப்பிக் கேக்கோணுங்க" என்றார். கணக்கில் பட்டம் வாங்கி, பாடம் நடத்தவும் தனியாகப் பட்டம் வாங்கியவள் நான். இதை எனக்கு ஒரு விளையாட்டு வாத்தியார் சொல்லித்தர வேண்டியிருந்தது.

அரையாண்டுத் தேர்வில் பதினொரு பேர் தேறினார்கள். அந்த மஞ்சள் புத்தகக்காரி இரண்டு மார்க் குறைந்து தேறாமல் போய்விட்டாள். பி.டி. சார் வந்து, "பேச்சுன்னா பேச்சுங்க. ஒருத்தி பாக்கி இருக்கறா, நான் கேக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மனுஷன் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை, வருத்தமெல்லாம் எனக்குத்தான்.

மதியம் அவளே விடைத்தாளோடு வந்தாள். "என்னால எல்லாத்துக்கும் பி.டி. போயிருச்சுங்களா டீச்சர்?" என்று கேட்டாள். பிறகு தாளை விரித்து, "எனக்கு வராதது இந்த ரெண்டு கணக்குதானுங்க. மத்ததெல்லாம் வருமுங்க" என்று விரல் வைத்துக் காட்டினாள். இத்தனை வருடத்தில் என்னிடம் வந்த பிள்ளைகள் எல்லாம் ஒன்றுமே வரலை டீச்சர் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். தனக்கு எது வராது என்று இவ்வளவு துல்லியமாகச் சொன்ன முதல் பிள்ளை அவள்தான். அடுத்த பி.டி. பீரியடுக்கு நான் சாக்பீஸோடு போகவில்லை, சாரிடமே விட்டுவிட்டேன். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, மைதானத்திலிருந்து வந்த கூச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பொதுத்தேர்வில் பன்னிரண்டு பேரும் தேறினார்கள்.

பி.டி. சார் மாற்றலாகி இப்போது காங்கேயம் பக்கம் ஒரு பள்ளியில் இருக்கிறார். போன வாரம் போன் பேசினேன். பத்தாம் வகுப்புக்கு அங்கே பி.டி. பீரியட் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்குதுங்க டீச்சர். கணக்கு டீச்சர்தான் ஒரு பீரியட் குடுங்கன்னு தினமும் வந்து நிக்கறாங்க. பாவமா இருக்குது" என்றார்.

"குடுத்துப்போடாதீங்க சார்" என்றேன்.