சேறு வாரிய வாரம்

புயல் மழையில் பாலாறு ஊருக்குள் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. மூன்று நாள் பள்ளிக்கூடத்தில் படுத்திருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினோம். சுவரில் என் கழுத்தளவுக்கு ஒரு கோடு. தரையெல்லாம் கணுக்கால் ஆழச் சேறு. சாக்கடையும் தோல் பதனிடும் ஷாப்புக் கழிவும் அதில் கலந்திருந்தன. கதவோரம் இரண்டு எலி செத்துக் கிடந்தன.

அப்பா ஷாப்பில் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தவர். விவரமான ஆள்தான். எங்களை வாசலில் நிறுத்திவிட்டு, முதலில் கரண்டு ஃபியூஸைப் பிடுங்கினார். நனைந்த அரிசியைக் கழுவிக் காயவைக்கலாம் என்று அம்மா மூட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவர் பறித்துக் கொண்டுபோய்க் கொட்டினார்.

நர்ஸம்மா தெருவுக்கு வந்தார். வெறுங்காலோடு சேற்றில் இறங்காதீர்கள், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று வீடு வீடாகச் சொன்னார். எங்களிடம் இருந்தது ஷாப்பில் கொடுத்த ஒரே ஜோடி ரப்பர் பூட்ஸும் கையுறையும். அவற்றை அப்பா அம்மாவிடம் நீட்டினார்.

"அப்ப உனக்கு?"

"என் தோலு ஏற்கெனவே பதம் பண்ண தோலு. இதுல இன்னா ஏறும்?"

பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மாவை உருதுவில் சித்தி என்று பொருள்படும்படி காலா என்றுதான் கூப்பிடுவேன். சேறு தள்ளிக்கொண்டிருந்த அவருக்கு அது கேட்டுவிட்டது.

"அண்ணே, உங்க காலு பதம் பண்ண மாதிரி இல்லயே. வெடிப்புல பத்துப் பைசா சொருவலாம் போலக்கீது!"

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன்.

இரண்டு நாள் அப்பா வெறுங்காலோடு சேறு வாரினார். பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தரையைத் தேய்த்தார். ஷாப்பு திறந்ததும் வேலைக்குப் போனார்.

அடுத்த வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. கெண்டைக்கால் வலி. சேற்றில் குனிந்து நிமிர்ந்த வலி என்றார். மூன்றாம் நாள் கண் மஞ்சளானது. அம்மாவுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. காமாலைக்கு அவளுக்கு மருந்து தெரியும்.

"ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போ. நர்ஸம்மா சொன்னாங்க இல்ல?" என்றார் காலா.

"அது வெறும் காய்ச்சலுக்குச் சொன்னது, அக்கா. இது காமாலை. எங்கண்ணனுக்குக் கீழாநெல்லியிலதான் சரியாச்சு."

ஆற்றோரம் எல்லாச் செடியும் சேற்றுக்கு அடியில் இருந்தது. நான் ரயில் மேடு வரை நடந்து ஒரு கை கீழாநெல்லி பறித்து வந்தேன். அம்மா அரைத்து மோரில் கலந்து கொடுத்தாள். மூன்று நாள் அப்படி. அப்பா குடித்துவிட்டு என் தலையில் கை வைப்பார். மருந்து கொடுத்த மூன்றாம் நாள் அவருக்கு மூத்திரம் நின்றுபோனது.

வேலூருக்குக் கொண்டுபோனோம்.

"கண்ணு மஞ்சளாகி எத்தனை நாளாச்சு? ஏன் இவ்ளோ லேட்டு?" என்றார் டாக்டர்.

நான்தான் சொன்னேன்.

"லேட்டு இல்ல சார். அன்னைக்கே மருந்து குடுத்துட்டோம். மூணு நாளும் நான்தான் பறிச்சேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். ரத்தம் எடுத்துப் பார்த்து எலிக்காய்ச்சல் என்றார். சேற்றிலிருந்த கிருமி கால் வெடிப்பு வழியாக ஏறியிருக்கும், மூன்று நாள் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்.

ஐந்தாம் நாள் அப்பாவை ஆம்புலன்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள்.

"காமாலை. கொழந்தை தெனமும் போயி கீழாநெல்லி பறிச்சினு வந்துச்சு. அது ஒரு கொறையும் வைக்கல."

"எலிக்காய்ச்சல்னு டாக்டர் சொன்னாரேம்மா" என்று எல்லார் முன்னாலும் நான் திருத்தினேன்.

"காமாலைதான்" என்றாள், என்னைப் பார்க்காமல்.

அப்பா செத்துக் கிடக்கிறார், இவள் பொய் சொல்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பொய் யாருக்காக என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.